ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் பைப்லைன்களை டெஸ்ட்ரெயிலுடன் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்ட்டுகள் தினமும் ஓடுகின்றன. பச்சையா சிவப்பா (பாஸா தோல்வியா) என்பது, பில்டையும் டெஸ்ட்டையும் தானாக ஓட்டும் பைப்லைனின் திரையில் தெரிகிறது. ஆனால் ரிலீஸுக்கு முந்தைய நாள் மேனேஜர் வந்து, "ரீஃபண்ட் பகுதியில் உள்ள கேஸ்கள் கடைசியாக எப்போது பாஸ் ஆயின?" என்று கேட்டால், ஜாப் லாகைத் தோண்டத்தான் வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு, டெஸ்ட் கேஸ்களையும் அவற்றின் முடிவுகளையும் பதிந்து வைக்கும் டெஸ்ட்ரெயிலைத் திறந்தவுடனே பதில் கிடைக்கும்படி செய்வது எப்படி என்று இந்தப் பக்கம் சொல்கிறது. உதாரணங்கள் பெரும்பாலும் பைத்தான் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கான பைடெஸ்ட்டை வைத்து இருக்கும். ஜாவா பில்ட் கருவியான மேவன் பயன்படுத்துவோருக்கான வேறுபாடுகள் அங்கங்கே வரும். கட்டளை, மாறி, தெரிவுப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது அவற்றின் மூல எழுத்துகளையே தட்டுங்கள்.

இணைத்த பிறகு ஒரு பில்டில் வரிசையாக என்ன நடக்கும்?

பைப்லைன் டெஸ்ட்டுகளை ஓட்டும். ஃப்ரேம்வொர்க் முடிவுகளை ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி வைக்கும். அடுத்த படியில் டிஆர்சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவி அந்தக் கோப்பைப் படித்து, டெஸ்ட்ரெயிலில் ஒரு ரன்னை (ஒரு தடவை ஓட்டியதன் பதிவை) திறந்து, ஒவ்வொரு முடிவையும் அதற்குரிய கேஸில் சேர்க்கும். டிஆர்சிஎல்ஐ டெஸ்ட்ரெயில் தரப்பிலிருந்தே வரும் பைத்தான் கருவி. பிப் வழியாக ஒரே வரியில் நிறுவிவிடலாம். அது வேண்டாம் என்றால் டெஸ்ட்ரெயிலின் ஏபிஐ-யை (வேறு நிரல்கள் அதனோடு பேசும் வழியை) நேரடியாக அழைக்கும் ஸ்கிரிப்ட்டை நீங்களே எழுதலாம். முதல் முறை செய்பவர்கள் டிஆர்சிஎல்ஐ-யில் தொடங்குவதே நல்லது. அதன் உள்ளே நடப்பதும் அதே ஏபிஐ அழைப்புகள்தான், எனவே கீழே ஏபிஐ பற்றிச் சொல்வது இரு வழிக்கும் பொருந்தும்.

ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை கிடையாது என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் வையுங்கள். ஆன்ட் பில்ட் கருவி எழுதிய அறிக்கை வடிவம் பரவி, ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்கும் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. ஒரு குழுவில் சரியாக வேலை செய்யும் அமைப்பை அப்படியே எடுத்து வேறு மொழிப் புராஜெக்டில் வைத்தால் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

தொடங்கும் முன் டெஸ்ட்ரெயிலில் என்ன தயார் செய்ய வேண்டும்?

நிர்வாகப் பகுதியில் சைட் செட்டிங்ஸுக்குள் ஏபிஐ என்ற தாவல் இருக்கும். அங்கே ஏபிஐ-யை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் எந்தக் கீயைக் கொடுத்தாலும் அழைப்பு நிராகரிக்கப்படும்.

பைப்லைனுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, அந்தக் கணக்கின் மை செட்டிங்ஸில் ஏபிஐ கீ உருவாக்குங்கள். யாரோ ஒரு டெஸ்ட்டரின் சொந்தக் கீயைப் போட்டுவிட்டால் இரண்டு சிக்கல் வரும். எல்லா முடிவும் அவர் பெயரில் பதிவாகும். அவர் வேலையை விட்டுப் போய் கணக்கை முடக்கிய அன்றே பைப்லைனும் நின்றுவிடும். தனிக் கணக்குக்கு ஒரு லைசென்ஸ் போகும்தான். அந்தச் செலவு நியாயமானது.

மூன்றாவது, கேஸ்களுக்கு ஆட்டோமேஷன் ஐடி என்ற தனிப்பயன் புலம். வகை டெக்ஸ்ட், சிஸ்டம் நேம் சரியாக 'ஆட்டோமேஷன்_ஐடி'. திரையில் தெரியும் லேபிள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சிஸ்டம் நேம் ஓர் எழுத்து மாறினாலும் டிஆர்சிஎல்ஐ அதைக் கண்டுகொள்ளாது. புலத்தை உருவாக்கிய பிறகு அதை உங்கள் புராஜெக்டுக்கும், நீங்கள் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டுக்கும் ஒதுக்குவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புலம் இருக்கிறது, ஆனால் கருவி இல்லை என்கிறதென்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

கோடில் உள்ள டெஸ்ட்டையும் டெஸ்ட்ரெயில் கேஸையும் எப்படிப் பொருத்துவது?

மொத்த வேலையிலும் நேரம் எடுத்து முடிவு செய்ய வேண்டியது இது ஒன்றுதான். முடிவுகளை அனுப்புவது அரைநாள் வேலை. எந்த முடிவு எந்தக் கேஸுக்கு என்ற அடையாளம் உறுதியாக இல்லாவிட்டால், சில மாதங்களில் ஒரே டெஸ்ட்டுக்கு மூன்று கேஸ்கள் சேர்ந்து, அவற்றில் இரண்டு யாரும் தொடாமல் கிடக்கும். பிறகு அந்த அறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

டிஆர்சிஎல்ஐ-யில் 'கேஸ்-மேட்சர்' தெரிவு மூன்று வழிகளைத் தருகிறது.

முதல் வழி ஆட்டோ. எக்ஸ்எம்எல்லில் உள்ள கிளாஸ்நேமையும் நேமையும் புள்ளியால் சேர்த்து ஒரு சரம் ஆக்கி, அதை ஆட்டோமேஷன் ஐடி புலத்தோடு ஒப்பிடும். டெஸ்ட்ஸ் கோப்புறையில் டெஸ்ட்_லாகின் கோப்பில் டெஸ்ட்_தவறான_ஓடிபி என்ற ஃபங்ஷன் இருந்தால், ஐடி 'டெஸ்ட்ஸ்.டெஸ்ட்_லாகின்.டெஸ்ட்_தவறான_ஓடிபி' ஆகும். கோடில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பலம். கோடில் பெயர் மாறினால் தொடர்பு அறுந்துவிடும் என்பது பலவீனம்.

இரண்டாவது நேம். டெஸ்ட்டின் பெயருக்குள்ளேயே கேஸ் எண்ணை எழுதுவது: பெயரின் முன்னோ பின்னோ 'சி' எழுத்தும் எண்ணும் அடிக்கோட்டுடன், அல்லது சதுர அடைப்புக்குள். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட்டுகளில் பெயர் ஒரு வாக்கியமாக இருப்பதால் இது இயல்பாக உட்காரும். பைத்தான் ஃபங்ஷன் பெயர்களில் கண்ணை உறுத்தும்.

மூன்றாவது பிராப்பர்ட்டி. எக்ஸ்எம்எல்லின் டெஸ்ட்கேஸ் கூறுக்குள் 'டெஸ்ட்_ஐடி' என்ற பிராப்பர்ட்டியில் கேஸ் எண் இருக்கும். பைடெஸ்ட்டில் 'ரெக்கார்ட்_பிராப்பர்ட்டி' ஃபிக்சரை அழைத்து, பெயராக டெஸ்ட்_ஐடி, மதிப்பாக சி1042 கொடுத்தால் போதும்.

டெஸ்ட்ரெயிலில் கைமுறையாக எழுதிய கேஸ்கள் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருந்து, அவற்றை ஒவ்வொன்றாக ஆட்டோமேட் செய்கிற குழு என்றால் பிராப்பர்ட்டி வழியை எடுங்கள். கோடுதான் முதலில் இருக்கிறது, டெஸ்ட்ரெயில் இப்போதுதான் வருகிறது என்றால் ஆட்டோ போதும். இரண்டையும் ஒரே புராஜெக்டில் கலக்க வேண்டாம்.

ஃபங்ஷன் பெயரையோ கோப்புறையையோ மாற்றினால் பழைய வரலாறு என்ன ஆகும்?

ஆட்டோ வழியில் இருந்தால், கருவியைப் பொறுத்தவரை அது புது டெஸ்ட். தானாக உருவாக்க அனுமதி கொடுத்திருந்தால் புதுக் கேஸ் பிறக்கும். பழையது வரலாற்றோடு தனியே நிற்கும். பெயர் மாற்றும் கமிட்டுடனேயே டெஸ்ட்ரெயிலில் ஆட்டோமேஷன் ஐடி புலத்தையும் மாற்றுவதுதான் சரியான முறை. கோட் ரிவ்யூவில் இதைப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

பெயரை யாருமே மாற்றாமல் ஐடி மாறுவதும் உண்டு. பைடெஸ்ட் எக்ஸ்எம்எல்லில் எழுதும் கிளாஸ்நேம், ரூட் டைரக்டரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. ரூட்டில் பைடெஸ்ட் கட்டமைப்புக் கோப்பு எதுவும் இல்லையென்றால், நீங்கள் கட்டளையில் கொடுத்த பாதைகளையும் கட்டளை ஓடும் கோப்புறையையும் வைத்து பைடெஸ்ட் ரூட்டை ஊகிக்கும். ஒருவர் லேப்டாப்பில் புராஜெக்ட் முழுவதையும் ஓட்டும்போது 'டெஸ்ட்ஸ்.டெஸ்ட்_லாகின்' என்று வந்தது, பைப்லைனில் டெஸ்ட்ஸ் கோப்புறைக்குள் போய் ஓட்டும்போது 'டெஸ்ட்_லாகின்' என்று சுருங்கிவிடும். ரெப்போவின் மேல்மட்டத்தில் 'பைடெஸ்ட்.இனி' என்ற கட்டமைப்புக் கோப்பை வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பாராமீட்டர் வைத்த டெஸ்ட்டுகளிலும் கவனம். பாராமீட்டர் மதிப்பு சதுர அடைப்புக்குள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மதிப்பு இன்றைய தேதியாகவோ ரேண்டம் எண்ணாகவோ இருந்தால், ஒவ்வொரு பில்டிலும் புதுப் பெயர், புதுக் கேஸ். பாராமீட்டருக்கு 'ஐடிஸ்' கொடுத்து நிலையான பெயர் வையுங்கள்.

சி எண், டி எண், ஆர் எண்: எதை எங்கே பயன்படுத்துவது?

சி என்பது கேஸ், எப்போதும் மாறாது. ஆர் என்பது ரன். டி என்பது ஒரு ரன்னுக்குள் அந்தக் கேஸின் பிரதி. ரன்னுக்கு ரன் மாறும். ரன்னைத் திறந்து பார்க்கும்போது கண்ணில் படுவது டி எண் என்பதால் அதைக் காப்பி செய்து கோடில் போட்டுவிடுகிறார்கள். முடிவு தவறான கேஸுக்குப் போகும், அல்லது அப்படியொரு கேஸே இல்லை என்று பிழை வரும். கோடில் எழுதுவது எப்போதும் சி எண்தான்.

அனுப்பும் கட்டளையில் என்னென்ன இருக்க வேண்டும்?

டிஆர்சிஎல்ஐ கட்டளைக்கு இரண்டு பாகம். முன்பாகத்தில் டெஸ்ட்ரெயில் முகவரி, புராஜெக்ட் பெயர், பயனரின் மின்னஞ்சல், ஏபிஐ கீ. பின்பாகத்தில் 'பார்ஸ்_ஜேயூனிட்' என்ற துணைக்கட்டளை, அதற்குப் பின் ரன் தலைப்பு, எக்ஸ்எம்எல் கோப்பின் பாதை, மேட்சர் வகை. இந்த வரிசை முக்கியம்: முகவரி, கீ போன்றவை துணைக்கட்டளைக்கு முன்னாலும், தலைப்பு, கோப்பு போன்றவை அதற்குப் பின்னாலும் வர வேண்டும். இடம் மாறினால் அப்படியொரு தெரிவே இல்லை என்று கருவி சொல்லும். புராஜெக்டில் பல சூட்கள் (கேஸ் தொகுப்புகள்) இருந்தால் சூட் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

கருவி நடுவில் நின்று "புதுக் கேஸ்களை உருவாக்கவா?" என்று கேட்கும். பைப்லைனில் பதில் சொல்ல ஆள் இல்லை. எனவே எல்லாவற்றுக்கும் ஆம் என்பதற்கான 'ஒய்' தெரிவையோ, வேண்டாம் என்பதற்கான 'என்' தெரிவையோ முன்பாகத்தில் கொடுத்தாக வேண்டும். முதல் ஏற்றத்துக்கு மட்டும் ஆம். கேஸ்கள் உள்ளே வந்து செக்‌ஷன்களைச் சரிபார்த்த பிறகு தினசரி பைப்லைனில் வேண்டாம் என்று மாற்றுங்கள். தினமும் ஆம் என்றே விட்டுவிட்ட புராஜெக்ட்களில்தான் இரட்டைக் கேஸ்கள் முளைக்கின்றன.

தலைப்பில் பிராஞ்ச் பெயர், பைப்லைன் எண், கமிட்டின் முதல் 8 எழுத்து மூன்றும் இருக்கட்டும். விவரப் பகுதியில் பைப்லைன் முகவரியை ஒட்டிவிட்டால், தோற்ற கேஸிலிருந்து ஒரே கிளிக்கில் லாகுக்குப் போகலாம். கிட்ஹப்பில் ஒரு நுணுக்கம்: ரீ-ரன் கொடுத்தால் ரன் ஐடி மாறாது, அட்டெம்ப்ட் எண் மட்டும் கூடும். தலைப்பில் அட்டெம்ப்ட் எண்ணையும் சேர்க்காவிட்டால் ஒரே தலைப்பில் இரண்டு ரன்கள் நிற்கும்.

எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆனால் முடிவு போகிறது; ஒன்று தோற்றால் எதுவுமே போகவில்லை. ஏன்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். காரணம் எளிது: பைடெஸ்ட்டில் ஒரு டெஸ்ட் தோற்றாலும் வெளியேறும் குறியீடு 1. பைப்லைன் அதைப் பார்த்தவுடன் அங்கேயே நிறுத்திவிடும். அனுப்பும் படிக்கு முறை வராது. தோற்ற முடிவுதான் முக்கியம், அதுவே போகாமல் நிற்கிறது. டெஸ்ட்ரெயிலைப் பார்ப்பவருக்கு எல்லாம் எப்போதும் பச்சையாகத் தெரியும்.

ஜென்கின்ஸில் 'எஸ்ஹெச்' படியில் வரும் ஸ்கிரிப்ட் முதல் பிழையிலேயே நிற்கும் முறையில் ஓடுகிறது. எனவே பைடெஸ்ட்டுக்கு அடுத்த வரியில் டிஆர்சிஎல்ஐ-யை எழுதினால் பயனில்லை. அனுப்பும் படியை 'போஸ்ட்' பகுதியின் 'ஆல்வேஸ்' தொகுப்புக்குள் வையுங்கள்.

கிட்லேபில் இரண்டு இடத்தில் சரி செய்ய வேண்டும். அனுப்பும் ஜாபுக்கு 'வென் ஆல்வேஸ்' கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜாப் ஓடும், ஆனால் எக்ஸ்எம்எல் கோப்பு இல்லை என்று தோற்கும். ஆர்ட்டிஃபாக்ட்களின் (ஜாப் முடிந்ததும் எடுத்து வைக்கும் கோப்புகளின்) இயல்புநிலை, ஜாப் வெற்றி பெற்றால் மட்டுமே சேமிப்பது. டெஸ்ட் ஜாபின் ஆர்ட்டிஃபாக்ட் பகுதிக்குள்ளும் தனியாக 'வென் ஆல்வேஸ்' வேண்டும். 'ஆஃப்டர்_ஸ்கிரிப்ட்'டில் வைத்து அனுப்புவதும் ஒரு வழி. ஆனால் அது தனி ஷெல்லில் ஓடுவதால் மேலே எக்ஸ்போர்ட் செய்த மாறிகள் அங்கே கிடைக்காது. இயல்பாக 5 நிமிட வரம்பும் உண்டு. அங்கே பிழை நடந்தாலும் ஜாப் பச்சையாகவே இருக்கும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அனுப்பும் படிக்கு 'இஃப்' நிபந்தனை வையுங்கள். 'ஆல்வேஸ்' என்றால் யாராவது கேன்சல் செய்தாலும் ஓடி, பாதி முடிவை அனுப்பும். 'கேன்சல் ஆகவில்லையென்றால்' என்ற நிபந்தனையே பொருத்தம்.

குறியீட்டை விழுங்கிவிடுவதற்காக பைடெஸ்ட் கட்டளைக்குப் பின்னால் 'அல்லது ட்ரூ' என்று ஒட்டும் குறுக்குவழியை எடுக்காதீர்கள். முடிவு டெஸ்ட்ரெயிலுக்குப் போய்விடும். கூடவே உடைந்த கோடும் மெர்ஜ் ஆகிவிடும்.

டெஸ்ட்ரெயில் சர்வர் கிடைக்காத நேரத்தில் பில்டும் தோற்க வேண்டுமா?

சாதாரண பில்டில் வேண்டாம். பதிவேடு திறக்கவில்லை என்பதற்காக முப்பது பேரின் மெர்ஜைத் தடுத்து வைப்பது சரியல்ல. அனுப்பும் ஜாபை 'தோற்கலாம்' என்று குறித்து, எச்சரிக்கை மஞ்சளாகத் தெரியும்படி விடுங்கள். எக்ஸ்எம்எல்லை ஆர்ட்டிஃபாக்டாக ஒரு வாரமாவது வைத்திருந்தால் பின்னர் அந்த ஜாபை மட்டும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். ரிலீஸ் பைப்லைனில் மட்டும் மாறாக இருக்கட்டும். வங்கி, மருத்துவச் சாதனம் போன்ற துறைகளில் டெஸ்ட் ஆதாரம் தணிக்கைக்குத் தேவை. அங்கே பதிவு இல்லையென்றால் ரிலீஸும் இல்லை.

மெயின் பிராஞ்சில் சரியாக ஓடுகிறது. ஃபீச்சர் பிராஞ்சில் 401 வருகிறது. கீ ஒன்றுதானே?

கிட்லேபில் மாறியை 'புரொடெக்டட்' என்று குறித்திருப்பீர்கள். புரொடெக்டட் மாறி, பாதுகாக்கப்பட்ட பிராஞ்ச்களிலும் டேக்களிலும் மட்டுமே கிடைக்கும்; மற்ற இடங்களில் அது காலி. காலிக் கீயோடு போனால் 401. மாறியைத் திறந்துவிடுவதைவிட, ஃபீச்சர் பிராஞ்ச்களிலிருந்து அனுப்புவதையே நிறுத்துவது மேல். காரணம் பின்னால் வருகிறது.

கிட்ஹப்பில் ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு ரெப்போவின் ரகசியங்கள் கொடுக்கப்படுவதில்லை. இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்த தடை. சுற்றிப்போக வழி தேடாதீர்கள்.

ஜென்கின்ஸில் 'வித்-கிரெடென்ஷியல்ஸ்' தொகுப்புக்குள் கீயை எடுத்து, ஷெல் வரியை ஒற்றை மேற்கோளில் எழுதுங்கள். இரட்டை மேற்கோளில் எழுதினால் ஜென்கின்ஸின் ஸ்கிரிப்ட் மொழியான க்ரூவி முதலிலேயே கீயை வரிக்குள் நிரப்பிவிடும்; கீயில் சிறப்புக் குறிகள் இருந்தால் ஷெல் அதைத் தவறாகப் படிக்கும், கசிவதற்கும் வழி உண்டு.

401 என்றால் மின்னஞ்சலோ கீயோ தவறு. 403 என்றால் ஆளை அடையாளம் தெரிகிறது, அந்தப் புராஜெக்டில் அனுமதி இல்லை. பயனரின் ரோலைப் பாருங்கள். நிறுவனத்துக்குள்ளேயே ஓடும் டெஸ்ட்ரெயிலில் சான்றிதழ் பிழை வந்தால், சரிபார்ப்பை அணைக்காமல் உள் சான்றிதழ்க் கோப்பை ரன்னர் இமேஜில் சேருங்கள்.

டெஸ்ட்டுகளை 8 ஜாப்களாகப் பிரித்து ஓட்டுகிறோம். டெஸ்ட்ரெயிலில் 8 ரன்கள் வந்து நிற்கின்றன.

ஒவ்வொரு ஜாபும் தனித்தனியே அனுப்புவதால் வரும் விளைவு. சரி செய்ய இரண்டு வழி.

எளிய வழி: எட்டு ஜாப்களும் எக்ஸ்எம்எல்லை மட்டும் ஆர்ட்டிஃபாக்டாக வைக்கட்டும். கடைசியில் ஒரே ஜாப் எல்லாவற்றையும் எடுத்து, 'ஜேயூனிட்பார்சர்' என்ற பைத்தான் கருவியின் மெர்ஜ் கட்டளையால் ஒரு கோப்பாக்கி, ஒரே தடவை அனுப்பட்டும். கோப்புப் பெயரில் ஜாப் எண்ணைச் சேருங்கள். எட்டுமே ஒரே பெயரில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று எழுதி, கடைசிக் கோப்பு மட்டும் மிஞ்சும். கிட்ஹப்பில் 2023 டிசம்பரில் வந்த அப்லோட்-ஆர்ட்டிஃபாக்ட் 4-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே பெயரில் இரண்டு ஜாப்கள் ஆர்ட்டிஃபாக்ட் ஏற்றினால் பிழையே வரும். ஆர்ட்டிஃபாக்ட் பெயரிலும் எண் வேண்டும். மேவனில் டெஸ்ட்டுகளை ஓட்டும் ஷுர்ஃபயர், கிளாஸுக்கு ஒரு எக்ஸ்எம்எல் எழுதுவதால், ஜாப்களைப் பிரிக்காதவர்களுக்கும் இந்த மெர்ஜ் தேவைப்படும்.

இரண்டாவது வழி: டெஸ்ட்டுகள் இரண்டு மணி நேரம் ஓடும், முடிவு வர வர டெஸ்ட்ரெயிலில் தெரிய வேண்டும் என்றால், முதல் ஜாபில் டிஆர்சிஎல்ஐ-யின் 'ஆட்_ரன்' கட்டளையால் ரன்னை மட்டும் திறந்து, அது தரும் ரன் எண்ணை எட்டு ஜாப்களுக்கும் கொடுங்கள். கிட்லேபில் டாட்என்வ் வகை ஆர்ட்டிஃபாக்ட், கிட்ஹப்பில் ஜாப் அவுட்புட், ஜென்கின்ஸில் சாதாரண மாறி போதும். அவசியம் இல்லாவிட்டால் இந்த வழிக்குப் போக வேண்டாம். நகரும் பாகங்கள் கூடும்.

ஒரே ஒரு கேஸ் தவறு என்று 400 வந்து, மொத்த முடிவும் நிராகரிக்கப்படுகிறது.

ஏபிஐ-யின் 'ஆட்_ரிசல்ட்ஸ்_ஃபார்_கேசஸ்' அழைப்பை நேரடியாகப் பயன்படுத்துவோர் சந்திப்பது இது. அனுப்பும் பட்டியலில் உள்ள ஒரு கேஸ் அந்த ரன்னில் இல்லையென்றாலும் முழு அழைப்பும் நிராகரிக்கப்படும். யாரோ டெஸ்ட்ரெயிலில் ஒரு கேஸை நீக்கியிருப்பார்கள், அல்லது ரன் தேர்ந்தெடுத்த கேஸ்களுடன் மட்டும் திறக்கப்பட்டிருக்கும். அனுப்பும் முன் ரன்னில் உள்ள டெஸ்ட்டுகளின் பட்டியலை எடுத்து ஒப்பிட்டு, இல்லாதவற்றைத் தனியே லாகில் எழுதிவிட்டு மீதியை அனுப்புங்கள். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு 250 வரைதான் வரும். அடுத்த பக்கங்களையும் எடுக்காவிட்டால் 251-ஆவது டெஸ்ட்டிலிருந்து எல்லாமே காணவில்லை என்று உங்கள் ஸ்கிரிப்ட் முடிவு கட்டும்.

ரன்னில் கேஸ் சேர்க்க 'அப்டேட்_ரன்' அழைக்கும்போது இன்னும் கவனம் தேவை. நீங்கள் கொடுக்கும் பட்டியல் பழையதோடு சேராது, பழையதை மாற்றிவிடும். புதிய மூன்று எண்களை மட்டும் கொடுத்தால் ரன்னில் அந்த மூன்று மட்டுமே இருக்கும். முதலில் பழைய பட்டியலை எடுத்து, புதியதைச் சேர்த்து, முழுவதையும் அனுப்புங்கள்.

429 பிழை எப்போது வரும்?

டெஸ்ட்ரெயில் கிளவுடில் நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்ற வரம்பு உண்டு: புரொஃபஷனல் திட்டத்தில் 180, என்டர்பிரைஸில் 300. முடிவுக்கு ஒரு அழைப்பு என்று லூப்பில் அனுப்பும் ஸ்கிரிப்ட், 600 டெஸ்ட் என்றால் புரொஃபஷனலில் மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்கும், இடையில் 429 வாங்கும். மொத்தமாக அனுப்பும் அழைப்பைப் பயன்படுத்துங்கள். டிஆர்சிஎல்ஐ இயல்பாக 50 முடிவுகளை ஒரு கட்டாக அனுப்புகிறது; அதே 600 முடிவுக்கு 12 அழைப்பு போதும். 429 வந்தால் பதிலின் தலைப்பில் 'ரீட்ரை-ஆஃப்டர்' என்று காத்திருக்க வேண்டிய விநாடிகள் இருக்கும். அதைப் படித்துக் காத்திருங்கள். உடனே மறுபடி அழைப்பது நிலைமையை மோசமாக்கும். முதல் ஏற்றத்தில் கேஸ் உருவாக்குவது ஒவ்வொன்றும் தனி அழைப்பு என்பதால் அது மெதுவாகத்தான் போகும். இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விநாடிக்கும் குறைவாக ஓடும் டெஸ்ட்டின் நேரம் பிழை தருகிறது.

'இலாப்ஸ்ட்' புலம் '30எஸ்', '1எம் 45எஸ்' போன்ற வடிவத்தைத்தான் ஏற்கும். 0.2 விநாடியையோ பூஜ்ஜியத்தையோ ஏற்காது. நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால் 1 விநாடிக்குக் கீழே உள்ளதை 1 என்று மேலே தள்ளுங்கள், அல்லது புலத்தையே விட்டுவிடுங்கள்.

ஸ்கிப் ஆன டெஸ்ட் ஏன் 'ரீடெஸ்ட்' என்று வருகிறது?

டெஸ்ட்ரெயிலின் இயல்பு ஸ்டேட்டஸ்கள்: 1 பாஸ்ட், 2 பிளாக்ட், 3 அன்டெஸ்டட், 4 ரீடெஸ்ட், 5 ஃபெயில்ட். ஸ்கிப் என்று தனியாக ஒன்று இல்லை. டிஆர்சிஎல்ஐ அதை 4-க்குப் பொருத்துகிறது. 3-ஐ முடிவாக ஏபிஐ-யில் அனுப்பவே முடியாது. ஸ்கிப் அதிகம் உள்ள குழுக்கள் நிர்வாகப் பகுதியில் தனி ஸ்டேட்டஸ் ஒன்றை உருவாக்கிக்கொள்வது நல்லது. தனிப்பயன் ஸ்டேட்டஸ்களின் எண் 6-லிருந்து தொடங்கும். 'ரீடெஸ்ட்' என்பது கைமுறை டெஸ்ட்டர்களுக்கு "நீங்கள் மறுபடி பாருங்கள்" என்ற கட்டளை. ஆட்டோமேஷன் ஸ்கிப்களை அதில் கொட்டினால் அவர்கள் வேலைப் பட்டியல் வீணாக வீங்கும்.

ஒரு முறை தோற்று, மறு ஓட்டத்தில் பாஸ் ஆனால் எதைப் பதிவு செய்வது?

இறுதி முடிவு பாஸ் என்று போகட்டும். ஆனால் முதல் தோல்வி குறிப்பில் இருக்க வேண்டும். ஷுர்ஃபயரில் மறு ஓட்டம் இயக்கியிருந்தால், தடுமாறிப் பாஸ் ஆன டெஸ்ட்டுக்கு 'ஃப்ளேக்கி-ஃபெயிலியர்' என்ற கூறு எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும். எல்லா முறையும் தோற்றதற்கு 'ஃபெயிலியர்' கூறோடு 'ரீரன்-ஃபெயிலியர்' வரும். அந்த ஃப்ளேக்கி கூறைப் படித்து முடிவின் கருத்துப் பகுதியில் எழுத பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். அதை எழுதாமல் விட்டால், தடுமாறும் டெஸ்ட் ஆறு மாதமாகப் பாஸ் ஆகிவருவதாகவே வரலாறு காட்டும்.

ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்ப முடியுமா?

முடியும். டெஸ்ட்கேஸ் கூறில் 'டெஸ்ட்ரெயில்_அட்டாச்மென்ட்' என்ற பிராப்பர்ட்டியில் கோப்பின் பாதையைக் கொடுத்தால் டிஆர்சிஎல்ஐ ஏற்றிவிடும். டெஸ்ட் ஒரு ஜாபிலும் அனுப்புவது இன்னொரு ஜாபிலும் நடந்தால் பாதை அங்கும் செல்லுபடியாக வேண்டும். எனவே சார்புப் பாதையே எழுதுங்கள், படங்களையும் ஆர்ட்டிஃபாக்டில் சேருங்கள். ஒரு கோப்புக்கு வரம்பு 256 எம்பி. ஒவ்வொரு இணைப்பும் தனி அழைப்பு என்பதால், தோற்ற டெஸ்ட்டுகளுக்கு மட்டும் அனுப்புவது போதும்.

பைடெஸ்ட் 2020-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து 'எக்ஸ்யூனிட்2' வடிவத்தை இயல்பாக எழுதுகிறது. 'ரெக்கார்ட்_பிராப்பர்ட்டி' அதிலும் வேலை செய்யும், ஓர் எச்சரிக்கை மட்டும் வரும்; 'ரெக்கார்ட்_எக்ஸ்எம்எல்_ஆட்ரிபியூட்' அந்த வடிவத்தோடு ஒத்துப்போகாது. பழைய கோடில் இரண்டாவது இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு கமிட்டுக்கும் அனுப்பலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. ஃபீச்சர் பிராஞ்சில் பாதி எழுதிய கோட் தோற்பது இயல்பு. அந்தத் தோல்வி டெவலப்பருக்கு மட்டும் தேவை, அவருக்குப் பைப்லைன் திரையே போதும். அதையெல்லாம் டெஸ்ட்ரெயிலில் கொட்டினால் ஒரு கேஸின் வரலாற்றைத் திறப்பவருக்கு யாருடைய எந்தப் பிராஞ்சின் தோல்வி என்றே புரியாது. மெயினில் மெர்ஜ் ஆன பின் ஓடுவது, இரவு ரிக்ரெஷன், ரிலீஸ் பிராஞ்ச்: இந்த மூன்றும் போதும். ரிலீஸ் ரன்களை மட்டும் மைல்ஸ்டோனில் இணையுங்கள்.

ரன்னைத் தானாக மூடலாமா?

இரவு ரன்களை மூடலாம்; 'க்ளோஸ்-ரன்' தெரிவு இருக்கிறது. மூடிய ரன்னைத் திரும்பத் திறக்க முடியாது, முடிவும் சேர்க்க முடியாது. எட்டு ஜாப்களும் ஒரே ரன்னுக்கு அனுப்பும் அமைப்பில் இந்தத் தெரிவை வைத்தால், முதலில் முடியும் ஜாப் மூடிவிட, மற்ற ஏழும் பிழையோடு நிற்கும். கைமுறை டெஸ்ட்டர்களும் முடிவு சேர்க்கும் ரிலீஸ் ரன்னை ஆள்தான் மூட வேண்டும்.

டெஸ்ட்ரெயிலுக்குப் பதில் எக்ஸ்ரே, ஸெஃபிர் போன்ற கருவி என்றால் இதெல்லாம் பொருந்துமா?

பொருத்தும் முறையும் ஏபிஐ-யும் மாறும். எக்ஸ்எம்எல் எடுப்பது, தோல்வியிலும் அனுப்புவது, ஜாப்களைச் சேர்ப்பது ஆகிய பகுதிகள் அப்படியே பொருந்தும். எக்ஸ்ரே கிளவுடில் முதலில் கிளையன்ட் ஐடி, சீக்ரெட் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அது 24 மணி நேரம்தான் செல்லும். டோக்கனை மாறியாகச் சேமித்து வைத்தால் மறுநாள் 401 வரும். ஒவ்வொரு பைப்லைனிலும் புதிதாக வாங்குங்கள்.

பைப்லைன் பச்சை, ரன்னும் திறந்திருக்கிறது, ஆனால் முடிவு ஒன்றுகூட இல்லை. எங்கே தேடுவது?

முதலில் எக்ஸ்எம்எல் கோப்பையே திறந்து பாருங்கள். 'டெஸ்ட்ஸ்' எண்ணிக்கை 0 என்றால் பிரச்சினை இணைப்பில் இல்லை. மார்க்கர் வடிகட்டலில் எந்த டெஸ்ட்டும் சிக்கவில்லை. பைடெஸ்ட் அப்போது 5 என்ற குறியீட்டோடு வெளியேறும். அதை யாராவது விழுங்கியிருந்தால் பைப்லைன் பச்சையாகத் தெரியும். எண்ணிக்கை இருந்தால், எக்ஸ்எம்எல்லில் உள்ள ஐடியை எழுத்துக்கு எழுத்து டெஸ்ட்ரெயில் புலத்தோடு ஒப்பிடுங்கள். காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிய ஒரு வெற்றிடம்கூடப் பொருத்தத்தைக் கெடுக்கும். அதுவும் சரியென்றால், கேஸ் இருக்கும் சூட்டும் கட்டளையில் கொடுத்த சூட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

முழு டெஸ்ட் தொகுப்பையும் இணைக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

தனிப் புராஜெக்டில் மூன்று டெஸ்ட் போதும்: நிச்சயம் பாஸ் ஆவது ஒன்று, நிச்சயம் தோற்பது ஒன்று, ஸ்கிப் ஒன்று. இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறையும் கேஸ் எண்ணிக்கை மூன்றாகவே இருக்க வேண்டும். ஆறு ஆனால் பொருத்தம் தவறு. தோற்றதன் பிழைச் செய்தி கருத்துப் பகுதியில் வந்ததா, பைப்லைன் சிவப்பாக முடிந்ததா என்று பாருங்கள். பிறகு தோற்ற டெஸ்ட்டைச் சரி செய்து மூன்றாம் முறை ஓட்டி, அந்தக் கேஸின் வரலாற்றில் சிவப்பு, சிவப்பு, பச்சை என்ற வரிசை தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். கடைசியாக, டெஸ்ட்ரெயில் முகவரியை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்து ஒரு முறை ஓட்டினால், சர்வர் கிடைக்காத நாளில் உங்கள் பைப்லைன் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரிந்துவிடும்.